மின்சாரத்தின் கடைமடை

தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்வோர்க்குக் கடைமடை என்னும் சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் எனத் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் இவ்வாற்றின் குறுக்கே நிற்கின்றன. பாபநாசம் அணையில் நீர்மட்டம் உயர்ந்துவிட்டது என்று காலைப் பத்திரிகையில் படிக்கும் அதே நாளில், கால்வாயின் கோடியில் நிலம் வைத்திருப்பவர் வரப்பின் மேல் நின்று, தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அணையில் நீர் இருப்பது ஒன்று. அது தம் வயலில் பாய்வது வேறொன்று என்பதை அவர் தம் பாட்டனார் காலத்திலேயே அறிந்தவர்.

மின்சாரத்துக்கும் கடைமடை உண்டு. அதைப் பற்றியே இம்மாத இதழில் சில சொல்ல விரும்புகிறோம். நாட்டின் மின் அமைப்பைப் புதுப்பிக்க அரசினர் பெரும் பொருட்செலவில் முனைந்திருக்கும் காலம் இது. மின் பகிர்மானத்தைச் சீர்படுத்துவதற்கென்றே மத்திய அரசு 2021-இல் வகுத்த திட்டத்தின் மதிப்பீடு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. பீடர்களைப் பிரித்தல், மின்மாற்றிகளில் மீட்டர் பொருத்துதல், வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வைத்தல் ஆகியவை அதன் அங்கங்கள். இவற்றைக் குறித்து நம் அங்கத்தினர்களிடையே நிலவும் பேச்சு பெரும்பாலும் அச்சத்தினால் எழுவது. அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் அச்சம் மட்டும் போதாது என்பது நமது கருத்து.

இப்பள்ளத்தாக்கு மின்சாரத்திற்குப் புதிதன்று. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாச அருவியின் விசையைக் கொண்டே விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலையை ஓட்டினார்கள். சென்னை ராஜதானியில் 1932-இல் பைகாராவும், 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் நீர்மின் நிலையங்களாக எழுந்தன. பின்னர் இவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1957 ஜூலையில் மின்சார வாரியம் அமைந்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் கிணற்றுப் பம்புகளுக்கு மின் இணைப்பு அளிப்பதில் நம் மாநிலம் இந்தியாவிலேயே முன்னணியில் நின்றது. ஏற்றம் இறைத்த கைகள் அன்றுதான் ஓய்வு கண்டன.

அதன் பின் வந்தது காற்று. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்து முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய், பணகுடி, கயத்தாறு எனப் பரவி, இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவும் அதே மாதங்களில்தான் தென்மேற்குக் காற்று கணவாய்களின் வழியே பாய்ந்து வருகிறது. பல ஆண்டுகள் வரை இக்காற்றின் பலனை முழுதும் பெற முடியவில்லை. எடுத்துச் செல்லப் போதிய மின்பாதை இல்லாமையால், நல்ல காற்று வீசும் வேளையிலேயே காற்றாலைகளை நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று. இக்குறையைப் போக்கவே கயத்தாற்றிலும், தேனிப் பக்கம் தப்பகுண்டிலும், கொங்கு நாட்டில் ஆனைக்கடவு, ராசிபாளையத்திலும் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் எழுந்தன. இராதாபுரம் வட்டத்துக் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. 2013 டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையின் வழியாகத் தென்னக மின் அமைப்பு வடநாட்டு அமைப்போடு ஒன்றாயிற்று. 2008 முதல் ஆறேழு ஆண்டுகள் நம்மை வாட்டிய மின்வெட்டு பிறகு படிப்படியாகத் தணிந்ததற்கு இவையெல்லாம் உதவின. தலைமடை செப்பனிடப்பட்டுவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

நிற்க. நமது அலுவலின் பொருட்டுக் கிராமச் சங்கங்களின் ஏடுகளை ஆண்டுதோறும் புரட்டிப் பார்க்க வேண்டியவராக இருக்கிறோம். நகைக் கடன் பதிவேட்டில் ‘விவசாயச் செலவு’ என்று பொதுப்படையாக எழுதியிருக்கும். காரியதரிசியைத் தனியே அழைத்து என்ன செலவு என்று கேட்டால், சித்திரை, வைகாசி மாதங்களில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘மோட்டார் கட்ட.’ களக்காட்டுப் பக்கம் ஒரு சங்கத்தில், வாழை குலை தள்ளும் சமயத்தில், ஒரே வாரத்தில் ஆறு அங்கத்தினர்கள் தம் மனைவியரின் சங்கிலியையும் வளையலையும் கொண்டுவந்து ஈடு வைத்திருந்தார்கள். ஆறு பேரும் ஒரே மின்மாற்றியின் கீழ் உள்ளவர்கள். மின்னழுத்தம் குறைந்து மோட்டாரின் காயில் கருகிவிட்டது. மின்சாரம் இலவசம்; மோட்டார் கட்டும் கூலியும், நகைக்கு வட்டியும், தண்ணீரின்றிச் சாய்ந்த வாழையும் இலவசமல்ல. அவ்வூருக்கு மேலே, தென்னந்தோப்பைத் தாண்டி, உயர் அழுத்தக் கோபுரங்கள் வரிசையாக நடந்து செல்கின்றன.

கடைமடையில் மின்னழுத்தம் ஏன் குறைகிறது? மூன்று பேஸ் இணைப்பில் 415 வோல்ட் வர வேண்டும். மின்மாற்றியிலிருந்து வயலுக்குச் செல்லும் கம்பி நீளமாகவும் மெலிந்தும் இருந்தால் வழியிலேயே அழுத்தம் கரைகிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். அழுத்தம் குறையும்போது, அதே வேலையைச் செய்ய மோட்டார் மேலும் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. அதனால் கம்பியில் அழுத்தம் இன்னும் குறைகிறது. கடைசிக் கிணற்று மோட்டார் முதலில் எரிகிறது. கால்வாயில் மேல்மடைக்காரர் மதகை அகலத் திறந்தால் கீழ்மடை காய்வது போன்றதே இது. ஒரு வேறுபாடு உண்டு. மதகைத் திறப்பவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியும், கம்பியில் தெரியாது.

இங்கே நம் அங்கத்தினர்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன ஊரில் இருந்தது 63 கே.வி.ஏ. மின்மாற்றி. அது ஏறத்தாழப் பத்து 5 குதிரைத்திறன் மோட்டார்களைச் சிரமமின்றித் தாங்கும். அதன் கீழ்ப் பதினேழு இணைப்புகள் இருந்தன. அனுமதி பெற்றது ஐந்து குதிரைத்திறன், ஓடுவது ஏழரை என்ற கதை அவற்றுள் பலவற்றில். நிலத்தடி நீர் கீழே போகப் போக, பெரிய மோட்டாராக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. மின்னோட்டத்தைக் குறைக்கும் கெப்பாசிட்டர் பொருத்திய மோட்டார் இரண்டே இரண்டு. மின்மாற்றி எரிந்தபோது மின்வாரியத்தை ஏசாதவர் இல்லை. தம் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுப் பேசியவரும் எவரும் இல்லை.

புதிய இணைப்புக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இணைப்புப் பெருகுவது நல்லதே. இணைப்போடு கூட மின்மாற்றியும் கம்பியும் பெருகுகின்றனவா என்று கேட்பதற்கு ஊரில் ஓர் அமைப்பு வேண்டும். சிறு மின்மாற்றிகளை, 16, 25 கே.வி.ஏ. அளவில், கிணறுகளின் அருகிலேயே நிறுத்தி, உயர் அழுத்தக் கம்பியை அதுவரை கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. அதில் இழப்பு குறைவு. கொக்கி போடுவதும் அரிது. மூன்று நான்கு பேருக்கு ஒரு மின்மாற்றி என்பதால் அவர்களே அதைத் தமதாகக் காப்பார்கள். செலவு அதிகம் என்பது உண்மை. எந்த இடத்தில் அச்செலவு தகும் என்று கணக்குக் காட்டுவோர்க்கே அது முதலில் கிட்டும்.

கணக்கு என்றவுடனே மீட்டர் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. இதில் நம் விவசாயிகளின் மனநிலையை ஏளனம் செய்வோர் வரலாறு அறியாதவர்கள். யூனிட்டுக்குச் சில காசு கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் கொங்கு நாட்டு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, 1970-லும் 1972-லும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் கட்டணமின்றி ஆயிற்று. அந்த உயிர்களின் விலையாகக் கிடைத்த சலுகை இது என்றே நம் மூத்தவர்கள் கருதுகிறார்கள். 2020-இல் மத்திய அரசு சுற்றுக்கு விட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தலாம் என்று கூறியது. முதலில் கட்டணத்தைக் கட்டு, பிறகு மானியம் வரும் என்பதே அதன் பொருள் என்று விவசாயிகள் கொண்டனர். தில்லி எல்லையில் நடந்த போராட்டத்தின் கோரிக்கைகளுள் அதைக் கைவிட வேண்டும் என்பதும் ஒன்று. ஆகவே மீட்டர்ப் பெட்டியைக் கண்டு வயலில் எவரேனும் முகஞ்சுளித்தால் அது அறியாமையாகாது.

ஆனால் நம் சங்கங்களின் மற்றொரு பகுதியாரான நெசவாளர்களைப் பாருங்கள். கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட் வரை கட்டணமில்லை என்றிருந்தது 2023-இல் 300 ஆயிற்று. விசைத்தறிக்கு 750 என்றிருந்தது 1,000 ஆயிற்று. இவை அத்தனையும் மீட்டர் வைத்து அளந்து தருபவை. அளந்ததனால் சலுகை போய்விடவில்லை. எத்தனை தறிக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு கையில் இருந்ததனால்தான் ‘போதவில்லை, கூட்டுங்கள்’ என்று கேட்க முடிந்தது. ‘ஆனால் அவர்களுக்கு ஒரு வரம்பும் வந்துவிட்டதே, அதற்கு மேல் ஓடினால் காசு கட்ட வேண்டுமே’ என்று விவசாயி கேட்பார். கேள்வி நியாயமானது. அதனாலேயே நாம் ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் வேண்டும் என்று வாதிக்கவில்லை. மேற்சொன்ன 2021-ஆம் ஆண்டுத் திட்டமும் முன்பணம் செலுத்தும் ஸ்மார்ட் மீட்டரிலிருந்து விவசாய இணைப்புகளை விலக்கியே வைத்துள்ளது. பீடரிலும் மின்மாற்றியிலும் மீட்டர் இருந்தால் போதும். எந்த மின்மாற்றியில் எந்த நேரத்தில் எவ்வளவு பாரம் ஏறியது, அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதை அது சொல்லும். இன்று விவசாயத்துக்குச் சென்ற மின்சாரம் இவ்வளவு என்று சொல்லப்படுவது பெரிதும் மதிப்பீடு. வேறெங்கோ கசிந்ததும் களவு போனதும் நம் கணக்கில் ஏறியிருக்கக்கூடும். ஏறவில்லை என்று மறுக்க நம்மிடம் ஏடு இல்லை.

பீடர் பிரிப்பதில்தான் நெசவாளருக்கும் விவசாயிக்கும் உண்மையான பிணக்கு எழக்கூடும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஊருக்கும் வயலுக்கும் ஒரே பாதையாக இருக்கும்போது, பம்புகளுக்கு முறைவைத்து மூன்று பேஸை நிறுத்தினால் சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிகளும் கூடவே நிற்கின்றன. பம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் வீரவநல்லூர் போன்ற ஊர்களில் குழித்தறியின் மேல் தொங்கும் விளக்கு மங்குகிறது. தார் சுற்றும் மோட்டார் முனகுகிறது. அறுந்த இழையைக் கண்ணால் தேட முடிவதில்லை. நெசவாளர் பாதை பிரிய வேண்டும் என்கிறார். விவசாயியோ, ‘பிரித்துவிட்டால், ஊருக்கு வலிக்காமல் என் பாதையை மட்டும் எந்நேரமும் அணைத்துவிடலாமே’ என்று அஞ்சுகிறார்.

இரண்டும் மெய்யே என்பதற்குக் குஜராத்து சான்று. அங்கே 2003-இல் தொடங்கிய ஜோதிகிராமத் திட்டத்தின்படி ஊர்ப் பாதையையும் வயல் பாதையையும் பிரித்தார்கள். ஊர்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் மூன்று பேஸ் கிடைத்தது. சிறு தொழில்கள் தழைத்தன. வயல்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். ஆனால் குறித்த நேரத்தில், முழு அழுத்தத்தில். மோட்டார் எரிவது குறைந்தது. அதே வேளையில், சொந்தக் கிணறு இல்லாமல் அடுத்தவரிடம் தண்ணீர் வாங்கிப் பயிரிட்ட குத்தகைதாரர்கள், விற்க மிச்ச நீர் இல்லாமற் போனதால் இடருற்றார்கள். நம் பக்கத்திலும் வாழைக்குக் குத்தகைக்கு நிலம் பிடிப்போர் பலர் உண்டு. அவர்கள் எந்தக் கூட்டத்திலும் பேசுவதில்லை.

ஆகையால் பிரிப்பதை எதிர்க்காமல், எந்த நிபந்தனையில் பிரிப்பது என்று பேசுவதே தக்கது. பகல் நேரத்தில் வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைக்கலாம். முன்பு பகலில் இது இயலாததாக இருந்தது. தொழிற்சாலைகள் ஓடும் நேரம் என்று விவசாயியை இரவுக்குத் தள்ளினார்கள். மலையடிவாரத்துக் கிராமங்களில் பாம்புக்கும் காட்டுப் பன்றிக்கும் நடுவே, கையில் விளக்கோடு மோட்டார் போடப் போன பழக்கம் அப்படி ஏற்பட்டதே. இப்போது சூரிய மின்சாரம் பெருகியதால் நடுப்பகலில் மின்சாரம் மலிவு, மாலையிலேயே தட்டுப்பாடு. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் விதிகளும், சூரியன் உள்ள நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்கலாம் என்கின்றன. விவசாயத்துக்கு அவ்விதி இல்லை. மின் அமைப்பின் தேவையும் விவசாயியின் வசதியும் ஒரே நேரத்தில் பொருந்தி வருவது அபூர்வம். அதைக் கேட்டு எழுத்தில் பெறாமல் விடுவது பேதைமை. விசைத்தறிக்காரர்களுக்கோ இதே விதி வேறுவிதமாகப் படும். மாலை ஷிப்டை எப்போது ஓட்டுவது என்று அவர்கள் இப்போதே கணக்குப் பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் ஸ்மார்ட் மீட்டருக்காக விடப்பட்ட ஒப்பந்தப்புள்ளி 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. வேலை தாமதப்பட்ட அக்காலமும் ஆயத்தம் செய்துகொள்வதற்கு உதவுவதே.

கூட்டுறவுக்கு இதில் என்ன இடம் என்று சிலர் கேட்கிறார்கள். மின்சாரச் சட்டம் 2003-இன் ஐந்தாம் பிரிவு, கிராமங்களில் மின் பகிர்மானத்தைப் பஞ்சாயத்துகள், உபயோகிப்போர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் முதலியவற்றின் வாயிலாக நடத்துவதைக் கொள்கையாகவே குறிப்பிடுகிறது. அது வெறும் எழுத்தன்று. கர்நாடகத்தில் ஹுக்கேரியில் 1969-லும், தெலங்கானாவில் சிரிசில்லாவில் 1970-லும் ஏற்பட்ட கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள், தம் வட்டாரத்துக்கு மின்சாரத்தை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்கு வழங்கி வந்துள்ளன. சிரிசில்லா விசைத்தறி நெசவாளர் நிறைந்த ஊர் என்பதை நம் வாசகர்கள் கவனிப்பார்களாக. அதே காலத்தில் மராட்டியத்தில் தோன்றிய மூலா–பிரவரா சங்கமோ, வாங்கிய மின்சாரத்துக்குப் பாக்கி மலைபோல் ஏறி, 2011-இல் உரிமத்தை இழந்தது. கட்டணம் வசூலிக்கத் துணியாத நிர்வாகக் குழு எதுவாயினும் அதன் கதி அதுவே. நம் சங்கங்கள் இன்று மின் விநியோகத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பயிர்க்கடன் பாக்கியையே வசூலிக்கத் திணறும் சங்கங்களை நித்தம் பார்க்கிறோம்.

நாம் கேட்பது ஒரு பதிவேடு. நகைக்கடனுக்கும் உரத்துக்கும் பதிவேடு வைத்திருக்கும் சங்கம், மின்மாற்றிக்கும் ஒன்று வைக்கலாம். இன்ன மின்மாற்றி, அதன் திறன், அதன் கீழுள்ள அங்கத்தினர்கள், அனுமதித்த குதிரைத்திறன், மெய்யாக ஓடும் குதிரைத்திறன், கெப்பாசிட்டர் உண்டா இல்லையா, எரிந்த தேதி, மாற்றித் தந்த தேதி. இரண்டு ரூபாய்ப் பேனாவும் நான்கு நாள் நடையும் இருந்தால் இது ஆகும். இப்பதிவேட்டோடு செல்லும் சங்கத் தலைவரைச் செயற்பொறியாளர் நாற்காலி போட்டு அமர்த்திப் பேசுவார். வெறும் மனுவோடு செல்பவரை நாளை வரச் சொல்வார். இது நாம் இரு பக்கத்து மேசைகளிலும் இருந்து கண்டது. நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறையின் மேற்பார்வையில் உள்ளவை. நமது ஆய்வுக்கு வருபவை அல்ல. எனினும் ஒரே பீடரில் இருக்கும் இரு சங்கங்களின் பதிவேடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதை எந்தத் துறையும் தடுக்கவில்லை.

மின்வாரியத்தின் களப் பணியாளர்களைப் பற்றியும் ஒரு சொல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிளந்து கொட்டியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. தாமிரபரணி இரு கரையும் கொள்ளாமல் ஓடியது. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. இடுப்பளவு நீரில் நின்று கம்பத்தில் ஏறியவர்களை நாம் நேரில் கண்டோம். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த அவர்களுக்கு, எந்தப் பாதை எந்த மின்மாற்றிக்குச் செல்கிறது என்று காட்ட ஊரில் ஆள் தேட வேண்டியிருந்தது. ஊர்ச் சங்கத்தின் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

களக்காட்டுப் பக்கத்து அச்சங்கத்தில் சென்ற மாசி மாதம் இப்பதிவேடு எழுதத் தொடங்கினார்கள். பதினேழு பேரில் பதினொருவர் தம் மோட்டாரின் உண்மைத் திறனை எழுதிக் கொடுத்தனர். நால்வர் பழைய மோட்டாரைக் கழற்றிக் காட்டினர். இருவர் இன்னமும் ஐந்து என்றே சாதிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நிர்வாகக் குழுவில் இருப்பவர். இரண்டாவது மின்மாற்றிக்கான விண்ணப்பம் இவ்விருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. மகாசபை ஆனி மாதம் கூடுகிறது. பொருள்நிரலில் இது நான்காவது. அதை முதலாவதாக மாற்றும்படி தலைவருக்கு எழுதியிருக்கிறோம்.